போத்தலுக்கு எத்தனை மைல்?

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர் ஒருவரின் மகன் சில மாதங்களுக்கு முன்னர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். பொறியியல் படிக்கும் பையன். "மாமா, யாழ்ப்பாணத்தில கார் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினதாம். அப்பா சும்மா சொல்லுறாரோ?" என்றான். சும்மா சொல்லவில்லை என்றேன். அப்படியானால் எப்படி ஓடியது என்று அவன் விடாமல் கேட்டான். பாதி விளக்கிய பின்னர்தான், நான் சொல்ல முற்படுவது ஒரு காலத்தின் வரலாறு என்பதும், அதனை முறையாக எவரும் எழுதி வைக்கவில்லை என்பதும் உறைத்தது. போர்களையும் பேச்சுவார்த்தைகளையும் முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். ஒரு போத்தல் எண்ணெயில் எத்தனை மைல் ஓடலாம் என்று ஒரு சமூகமே கணக்குப் பார்த்த கதையை எழுதியதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

என்னிடம் இதற்கு ஆதாரமாக இருப்பது ஒரு பழைய எண்பது பக்கக் கொப்பி. என் தந்தையார் வாடகைக் கார் வைத்திருந்தவர். 1953 ஆம் ஆண்டின் ஒஸ்ரின் ஏ40 சோமசெற். அந்தக் காரின் எரிபொருள் கணக்கை அவர் நாள் தவறாமல் எழுதிவந்தார். திகதி, ஓடிய மைல், ஊற்றிய எண்ணெய், எஞ்சின் எண்ணெயின் மட்டம், கடைசியில் ஒரு வரிக் குறிப்பு. அவ்வளவுதான்.

பழைய கார்கள் எஞ்சிய கதை

சோமசெற், அதற்கு முந்திய டெவன், பின்னர் வந்த கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகிய பிரித்தானியக் கார்கள் குடாநாட்டில் 1990களிலும் ஓடிக்கொண்டிருந்தமைக்கு நமது மக்களின் பழமைப் பற்று மட்டும் காரணமன்று. 1960களின் தொடக்கத்தில் இலங்கை அரசாங்கம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக மோட்டார் வாகன இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வரும்வரை இருந்த காரைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆகவே நமது கராஜ்களில் ஒரு தனிக் கைத்திறன் வளர்ந்தது. உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால் கடைச்சல் பட்டறையில் செய்து போடுவார்கள். யப்பானியக் கார்கள் வந்த பின்னரும் வாடகைக்கு ஓடுபவர்கள் பழைய ஒஸ்ரினைக் கைவிடவில்லை. பாரம் தாங்கும், திருத்துவது சுலபம், எங்கே நின்றாலும் அங்கேயே கழற்றிப் பூட்டலாம்.

இந்தப் பழமையே பின்னர் நம்மைக் காப்பாற்றியது. சோமசெற்றின் 1200 சிசி எஞ்சினில் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. அதாவது, உருளைக்குள் புகும் காற்றும் எரிபொருளும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக அமுக்கப்பட்ட பின்னரே பிளக் தீப்பொறி விடும். இன்றைய கார்களில் அது பத்துக்கு ஒன்று அல்லது அதற்கும் மேல். மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தைத் தாங்காது. தீப்பொறிக்கு முன்னரோ பின்னரோ தானாகவே பற்றி எஞ்சினைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கும். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் அதனை ஒருவாறு சகித்துக்கொண்டது.

தடையும் மண்ணெண்ணெயும்

1990 ஜூன் மாதத்தில் இரண்டாம் கட்ட ஈழப்போர் வெடித்தது. அதே மாதத்தில் யாழ்தேவி நின்றது. மின்சாரம் நின்றது. வடக்கிற்கு எடுத்துச்செல்லத் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, பசளை எனப் பலவும் இடம்பெற்றன. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. விளக்கிற்கும் அடுப்பிற்கும் என்று அனுப்பப்பட்ட அந்த எண்ணெயில்தான் தண்ணீர் இறைக்கும் இயந்திரம், மோட்டார் சைக்கிள், கார், சிறிய பஸ் அனைத்தும் ஓடின.

அக்காலத்தைக் கண்டவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கு நினைவிருக்கும். போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவு எண்ணெய் விட்டு, மெல்லிய திரி ஒன்றைச் செருகினால் இரவு முழுவதும் எரியும். பரீட்சைக்குப் படித்த ஒரு தலைமுறை அந்தச் சிறு சுடரில்தான் படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில்கூட அச்சாகின. இவற்றையெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். கார் ஓடிய விதம் மட்டும் எழுதப்படாமல் போயிற்று.

மண்ணெண்ணெயில் கார் ஓடுவதற்கு முதலாவது தடை, அது குளிரில் ஆவியாகாது என்பதாகும். பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் காற்றுடன் கலக்கும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதற்கே 150 பாகை செல்சியஸ் வரை வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளித்துளியாகவே போய் விழும், பிளக்கை நனைக்கும், பற்றாது. ஆகவே சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்துக்கொண்டு, காபரேற்றரின் வாயில் சில துளிகளைப் பீச்சி எஞ்சினைக் கிளப்புவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் தன் வேலையைத் தொடங்கும். பெற்றோல் தங்கத்தைப் போலப் பதுக்கப்பட்ட காலத்தில் அந்தச் சில துளிகளின் பெறுமதி என்னவென்று இன்று விளங்கப்படுத்துவது கடினம்.

நாம் கண்டுபிடித்ததல்ல

இதனை யாழ்ப்பாணத்தானின் மூளை என்று நாம் பெருமையடித்துக்கொள்வதுண்டு. வரலாறு அதனை அவ்வளவாக ஒப்புக்கொள்ளாது. பிரித்தானிய விவசாயிகள் 1930களிலிருந்தே உழவு இயந்திரங்களை மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த மலிவான எண்ணெயில் ஓட்டினார்கள். 1949 இல் வெளிவந்த பேர்கசன் ரிஈடி20 உழவு இயந்திரம் அதற்கென்றே அமைக்கப்பட்டது. பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் குழாயைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன்னர் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றரில் நிற்கும் எண்ணெயைத் தீர்த்த பின்னரே நிறுத்துவார்கள். அப்போதுதான் அடுத்த நாள் கிளம்பும். நமக்குப் பின்னையதற்குப் பெற்றோல் இருக்கவில்லை. அதனால்தான் துளி பீச்சும் முறை வந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியில் விறகை அரைகுறையாக எரித்துப் பெற்ற வாயுவில் ஐந்து இலட்சம் வரையான வாகனங்கள் ஓடியதாகக் கூறப்படுகிறது. பிரித்தானியாவில் 1939 செப்ரெம்பரில் தொடங்கிய பெற்றோல் பங்கீடு, போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து 1950 மே மாதத்தில்தான் நீங்கியது. அமெரிக்காவில் 1942 இல் மணிக்கு 35 மைல் என்ற வேகக் கட்டுப்பாடு வந்தது. அங்கே பெற்றோல் போதியளவு இருந்தது. ரயர் செய்ய இறப்பர்தான் இல்லை. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியாவும் யப்பானிடம் வீழ்ந்துவிட்டன. அதன் பின்னர் நேச நாடுகளின் இயற்கை இறப்பருக்குப் பெரிய ஆதாரமாக எஞ்சியது இலங்கைதான் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

ஆகவே தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் மனிதன் இதைத்தான் செய்திருக்கிறான். வேறுபாடு ஒன்றுதான். அந்த நாடுகளில் அரசாங்கங்கள் கையேடு அச்சிட்டு வழிகாட்டின. குடாநாட்டில் ஒவ்வொருவரும் தத்தம் எஞ்சினைப் பழுதாக்கியே பாடம் படித்தார்கள்.

ஓர் இரவு

எனது தந்தையாரும் அப்படித்தான் படித்தார். 1993 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து இரவொன்று. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். கோண்டாவிலில் எங்கள் வீட்டிலிருந்து நாலைந்து வீடு தள்ளியிருந்த ஓர் இளம் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. முதற் பிள்ளை. தாயும் மாமியாரும் அவளைப் பின் இருக்கையில் ஏற்றினார்கள். நான் முன்னால் அப்பாவின் அருகே இருந்தேன். பெரியாஸ்பத்திரி நாலு மைல்கூட இல்லை.

ஒரு மைல் போவதற்குள் வானில் விமானச் சத்தம் கேட்டது. வெளிச்சத்துடன் ஓடும் வாகனம் அக்காலத்தில் ஒரு குறி. அப்பா விளக்கை அணைத்துக் காரை ஒரு வேப்பமரத்தின் கீழ் ஒதுக்கினார். எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்ற பயம். பத்துப் பதினைந்து நிமிடம் எஞ்சின் மெதுவாக ஓடியபடியே நின்றது. சத்தம் அகன்றதும் புறப்பட்டோம். ரயில் கடவையை அடைந்தபோது (தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்காகக் கழற்றப்பட்டு வெறும் கல்மேடாக இருந்தது அது) கார் இரண்டு முறை துள்ளி நின்றுவிட்டது.

அப்பா ரோச் வெளிச்சத்தில் நான்கு பிளக்குகளையும் கழற்றினார். நான்கும் எண்ணெயில் நனைந்து கறுத்திருந்தன. துடைத்து, ஒரு துணியை எரித்து அதில் காட்டி உலர்த்தி, மறுபடி பூட்டி, பெற்றோல் போத்தலைத் தேடினால் அதில் நாலைந்து துளிதான் இருந்தது. நான் ஓர் ஒழுங்கையில் ஓடி, தெரிந்த வீடொன்றின் கதவைத் தட்டி ஒரு தேநீர்க் கோப்பையில் பெற்றோல் வாங்கி வந்தேன். எல்லாமாக நாற்பது நிமிடம். பிள்ளை காரிலேயே பிறந்தது. ஆசுபத்திரியை அடைந்தபோது தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அந்த வீட்டார் அப்பாவை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நீங்கள் வந்தபடியால்தான் அண்ணை பிள்ளையெண்டாலும் மிஞ்சினவள்" என்று அந்தத் தாய் அம்மாவிடம் சொல்லி அழுதார். கொப்பியில் அந்த நாளின் குறிப்பு இப்படி இருக்கிறது: "பிளக் நாலும் நனைந்தது. சும்மா ஓடவிட்டால் எஞ்சின் குளிரும் என்று தெரிந்திருக்க வேண்டும். என் பிழை."

அது யாருடைய பிழை என்று ஒரு பத்திரிகையாளனாக நான் வேறு விதமாக எழுதுவேன். ஆனால் அவர் எழுதியதை நான் திருத்த முடியாது.

கொப்பியின் முறை

அந்த இரவுக்குப் பின்னரே கொப்பி உண்மையில் கொப்பியாகிறது. அதுவரை வெறும் வரவு செலவாக இருந்தது, ஆராய்ச்சிக் குறிப்பாக மாறுகிறது. அப்பா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். ஆனால் அவர் கையாண்ட முறையில் ஒரு விஞ்ஞானி குறை காண முடியாது என்றே நினைக்கிறேன்.

முதலாவது, அளவு. பெற்றோலில் அந்தக் கார் கலனுக்கு 28 மைல் ஓடும் என்பது அவரது பழைய கணக்கு. ஆறு போத்தல் ஒரு கலன். மண்ணெண்ணெய் போத்தலில் விற்றபடியால் அவர் போத்தலுக்கு எத்தனை மைல் என்று எழுதினார். 1993 தொடக்கத்தில் அது மூன்றுதான். அதாவது கலனுக்கு 18 மைல். மண்ணெண்ணெயில் பெற்றோலைவிடச் சக்தி குறைவென்று சொல்ல முடியாது. அளவுக்கு அளவு பார்த்தால் சற்றுக் கூடுதல். அப்படியிருக்க மூன்றிலொரு பங்கு எங்கே போகிறது? இதுதான் அவர் தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வி.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. "இரண்டைச் சேர்த்து மாத்தினா எது திருத்தினது, எது கெடுத்தது எண்டு தெரியாது தம்பி" என்பார். ஒன்றை மாற்றிவிட்டு ஒரு கிழமை ஓடிக் கணக்குப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுவார்.

மூன்றாவது, செலவில்லாததில் தொடங்குவது. முதலில் ரயருக்குக் காற்று. பிறகு கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்தி நான்கு சில்லுகளின் நடுவிலும் கையை வைத்துப் பார்த்தார். ஒன்று மற்றவற்றிலும் சூடாக இருந்தால் அந்தச் சில்லில் பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பின்னிடது சில்லு அப்படி இருந்தது. அதைத் தளர்த்தியதும் சமதரையில் கியரை விட்டால் கார் முன்னரிலும் அதிக தூரம் உருண்டது. போத்தலுக்குக் கால் மைல் கூடியது என்று குறிப்பு.

நான்காவது, எஞ்சினே சொல்வதைக் கேட்பது. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். பிஸ்கற் நிறமானால் நன்று. கறுத்த புகைக்கரியானால் எரிபொருள் மிகுதி. வெளிறியிருந்தால் குறைவு. நனைந்திருந்தால் எரியவே இல்லை. எஞ்சின் எண்ணெயின் அளவுகோலை இழுத்துப் பார்த்தபோது அவருக்கு விடை கிடைத்தது. எண்ணெய் மட்டம் நாளுக்கு நாள் குறைய வேண்டும். இங்கோ கூடிக்கொண்டு வந்தது. எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயுடன் கலந்துகொண்டிருந்தது. காணாமற்போன மைல்கள் அங்கேதான் இருந்தன. அது மட்டுமல்ல, நீர்த்துப்போன எண்ணெய் எஞ்சினைத் தேய்த்துக்கொண்டுமிருந்தது.

ஆகவே நோய் ஒன்றுதான்: குளிர். மருந்தும் ஒன்றுதான்: சூடு. ரேடியேற்றருக்கு முன்னால் பாதியை மறைத்து ஒரு காட்போட் மட்டையைக் கட்டினார். எண்ணெய்க் குழாயைப் புகைபோக்கிக் குழாயின் அருகே கொண்டுபோய் எண்ணெய் சூடாகி வரும்படி செய்தார். தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பிந்தவைத்தார். எஞ்சின் அடிப்பது குறைந்தது. வெறுமனே ஓடவிடுவதை முற்றாக நிறுத்தினார். 1993 ஆம் ஆண்டின் முடிவில் கொப்பி போத்தலுக்கு நான்கு மைல் என்று காட்டுகிறது. கலனுக்கு 24.

இன்னொன்றையும் அவர் செய்தார். அரைப்போத்தல் பெற்றோலை மெழுகினால் மூடி, பின்பெட்டியில் சாக்கினால் சுற்றி வைத்தார். நோயாளியை ஏற்றும்போது மட்டுமே அது திறக்கப்படும். அந்தப் பெற்றோலில் ஓடிய பயணங்களுக்குக் கொப்பியில் மைல் இருக்கிறது. கூலி எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது.

உலகம் சிக்கனம் படித்த விதம்

அதே கேள்வியை வேறோர் உலகமும் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னர் கேட்டது. 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை விதித்தபோது, பீப்பாய் ஒன்று மூன்று டொலராக இருந்த விலை சில மாதங்களில் நான்கு மடங்காகியது. அமெரிக்காவில் பெற்றோல் நிலையங்களின் முன்னால் வரிசைகள் நீண்டன. 1974 ஜனவரியில் நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 55 மைல் என மட்டுப்படுத்தப்பட்டது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடும் என்பதனால், வேகத்தைக் குறைப்பதே உடனடியாகக் கைகொடுக்கும் சிக்கனமாக இருந்தது. 1975 இல் வந்த சட்டம் கார் உற்பத்தியாளர்களுக்கு இலக்கு விதித்தது. 1978 இல் சராசரி கலனுக்கு 18 மைல், 1985 இல் 27.5 மைல். அமெரிக்கக் கலன் நமது பழைய கலனிலும் சிறியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அந்த இலக்குகளும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் சேர்ந்துதான் காபரேற்றரின் காலத்தை முடித்தன. 1976 இல் வொல்வோ நிறுவனம் புகையில் எஞ்சியிருக்கும் ஒட்சிசனை அளக்கும் உணரியைக் காரில் பொருத்தியது. எரிபொருள் மிகுதியா குறைவா என்பதைப் பிளக்கின் நிறத்தில் பார்த்த மனிதனின் வேலையை அது ஒவ்வொரு கணமும் செய்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு காரும் தன் நோயைத் தானே குறியீட்டில் சொல்லும் ஒரே வகையான சொருகியைக் கொண்டிருக்க வேண்டும் என்றாயிற்று. இன்று நமது கராஜ்களிலும் கையடக்கக் கருவியைச் சொருகிப் பார்க்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் கருவி சொல்லாத நோயும் உண்டு என்பதை நான் 2022 இல் அறிந்தேன்.

வாரத்திற்கு இருபது லீற்றர்

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் டொலர் இல்லை. ஆகவே எரிபொருளும் இல்லை. நாட்கணக்கில் வரிசைகள். வரிசையிலேயே சிலர் உயிரிழந்தார்கள். ஜூலையில் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்திற்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று பங்கிடப்பட்டது. தெற்கிலிருந்த நண்பர்கள் வாழ்க்கையில் முதற்தடவையாக எண்ணெயை அளந்து பார்த்தார்கள். வடக்கிலிருந்து வந்த நாம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அது மகிழ்ச்சியான சிரிப்பன்று.

என் தாயாருக்கு அப்போது வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்பு. வீட்டிலிருந்து ஆசுபத்திரி போய்வர 60 கிலோமீற்றர். இரண்டு தடவைக்கு 120. என்னுடைய பழைய யப்பானியக் கார் ஒரு காலத்தில் லீற்றருக்கு பதினொன்றுக்கு மேல் ஓடியது. அந்த மாதத்தில் அளந்து பார்த்தபோது எட்டரைதான். இருபது லீற்றரில் 170 கிலோமீற்றர். அம்மாவின் பயணம் போக மிச்சம் ஐம்பது. அதற்குள் கடைக்கும் அலுவலகத்திற்கும் திடீர்த் தேவைக்கும். ஒரு கிழமை ஆசுபத்திரியில் மூன்றாவது தடவை வரச்சொன்னால் அதற்கும்கூட அது போதாது.

கராஜிற்குப் போனேன். பெயர் வேண்டாம். இளம் மெக்கானிக் கருவியைச் சொருகிப் பார்த்து, "பிழைக்குறி ஒண்டும் இல்லை ஐயா" என்றார். பிறகு இன்ஜெக்டர் நான்கையும் ஒட்சிசன் உணரியையும் மாற்றிப் பார்க்கலாம் என்றார். அவர் சொன்ன தொகை எனது இரண்டு மாதச் சம்பளத்திற்குக் கிட்ட வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தேன். அன்றிரவு அலுமாரியிலிருந்து கொப்பியை எடுத்தேன்.

செலவில்லாததில் தொடங்கினேன். ரயரில் 32 இருக்க வேண்டிய காற்று 24 தான் இருந்தது. வரிசைகளில் காரை விட்டுவிட்டுக் கிடந்த மாதங்களில் எவர் ரயரைப் பார்த்தார்? காற்று அடித்து ஒரு கிழமை ஓடினேன். பிறகு சில்லுகளில் கை வைத்துப் பார்த்தேன். முன் வலது சில்லு சுட்டது. பிறேக்கைக் கழற்றித் துப்புரவாக்கியபின் மற்றொரு கிழமை. இரண்டும் சேர்ந்து ஒன்பதரை ஆயிற்று. இன்னும் பாக்கி இருந்தது.

மூன்றாவது கிழமை ஒரு காலையில் அம்மாவுடன் போய்க்கொண்டிருந்தபோதுதான் வெப்பமானி முள்ளைக் கவனித்தேன். அரை மணி நேரம் ஓடிய பின்னரும் அது நடுவுக்கு ஏறவில்லை. "எஞ்சின் குளிர்ந்தா எண்ணெய் பாழ்" என்று கொப்பியின் ஓரத்தில் அப்பா எழுதி அடிக்கோடிட்டது கண்முன் வந்தது. மறுபடி கராஜிற்குப் போய், எஞ்சின் நீரின் வெப்பநிலையை மட்டும் கருவியில் காட்டும்படி கேட்டேன். எண்பத்தைந்துக்கு மேல் நிற்க வேண்டியது 62 இல் நின்றது. திறந்து பார்த்தால் தேர்மோஸ்ரற் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எஞ்சின் சூடேறும்வரை ரேடியேற்றருக்குப் போகும் நீரைத் தடுத்து வைக்கும் சிறு கதவு அது. நமது நாடு வெப்ப நாடு, அது எதற்கு என்று எப்போதோ யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள். காரின் கணனியோ எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நம்பி, காலையில் சோக் இழுத்த ஒஸ்ரினைப் போல, மேலதிகமாகப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருந்தது. கணனிக்கு அது பிழையாகத் தெரியவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்தது.

புதிய தேர்மோஸ்ரற் ஒன்று, ஒரு வாசர், குளிர்நீர். அவ்வளவுதான். இன்ஜெக்டர் சரியாகவே இருந்தது. அடுத்த கிழமை லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர். இருபது லீற்றரில் 220. அம்மாவின் பயணம் போக மிச்சம் ஐம்பதாக இருந்தது நூறாயிற்று. அந்த இளம் மெக்கானிக் நேர்மையானவர். "எனக்கு உது தோன்றேல்லை ஐயா, ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். மண்ணெண்ணெய்க் கார் ஓடிய ஒருவர் என்றேன்.

கடைசிக் கணக்கு

கொப்பியின் கடைசிப் பதிவைச் சொல்லி முடிக்கிறேன். 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்திலிருந்து நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் ஒரே இரவில் வெளியேறத் தொடங்கிய நாள். எங்கள் காரில் அம்மம்மாவும், நடக்க முடியாத அயலவர் மூவரும், சில மூட்டைகளும். நாவற்குழிப் பாலத்தை நோக்கி மனிதர்களும் சைக்கிள்களும் மாட்டு வண்டிகளும் ஒரு திரளாக நகர்ந்தன. நகர்ந்தன என்பதைவிட நின்றன என்பதே பொருந்தும். மழை பெய்தது. அந்த நெரிசலில் எஞ்சினை ஓடவிட்டால் என்னவாகும் என்று அப்பாவுக்குத் தெரியும். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளத் தொடங்கினார். நானும் தள்ளினேன். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் மூட்டையைக் காரின் மேல் வைத்துவிட்டுச் சேர்ந்து தள்ளினார்கள். அவர்களில், 1993 இல் அந்தப் பிள்ளையை இழந்த வீட்டாரும் இருந்தார்கள். அவளுடைய இரண்டாவது பிள்ளை, எட்டு மாதக் குழந்தை, முன் இருக்கையில் அம்மம்மாவின் மடியில் உறங்கியது.

மறுநாள் மத்தியானம் சாவகச்சேரியை அடைந்தோம். ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் இருந்தபடி அப்பா நனைந்த கொப்பியை விரித்து எழுதினார்: "12 மைல். எண்ணெய் 2 போத்தல். மிச்சம் தள்ளினது."

போத்தலுக்கு ஆறு மைல். கொப்பி முழுவதிலும் அதுதான் மிகச் சிறந்த கணக்கு.

அடுத்த ஆண்டு குடாநாட்டிற்குப் பெற்றோல் வந்தது. காரை விற்றோம். அப்பா 2004 இல் காலமானார். மெழுகினால் மூடிய அந்த அரைப்போத்தல் வீட்டின் பின்பக்கத்துத் தட்டில் நெடுநாள் இருந்தது. ஒருவரும் அதைத் திறக்கவில்லை. கனடாப் பையனுக்குக் கொப்பியைக் காட்டினேன். அவன் பக்கங்களைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டான். ஒரு பக்கத்தில் மட்டும் நீண்ட நேரம் நின்றான். "என் பிழை" என்று எழுதியிருந்த பக்கம். தமிழ் வாசிக்கச் சற்றுத் தடுமாறும் பையன். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கொப்பியை மூடித் தந்தான்.